கிறவல் போட்ட வயலில் உள்ளான் இறங்குமா?



மருதமுனையின் வரைபடத்தை ஒருதரம் எடுத்துப் பாருங்கள். கிழக்கே கடல். மேற்கே வயல். வயலுக்கு அப்பால் சதுப்பும் நீரோடைகளும், அவற்றோடு மட்டக்களப்பு வாவியின் தென்கோடியும். இந்த இரண்டு தண்ணீருக்கும் நடுவே சேலைக் கரை போல நீண்டு கிடக்கும் மணல் நிலத்தில்தான் வீடுகளும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தறிகளும் கடைகளும் பிரதான வீதியும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது என்று தெற்கே போனாலும் இதே கதைதான். எந்த ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரர் கண்டுபிடிப்பது கஷ்டம்.

மனிதர் இருக்கவே இடமில்லாத இந்த ஊரில் பறவைகளுக்கு இடம் தேடுவதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இடத்தைத் தேட வேண்டியதில்லை. இருந்த இடத்தை நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் விஷயம்.

ஐப்பசி பிறந்து மாரி மழை தொடங்கியதும், சுபஹுத் தொழுகை முடிந்து மேற்கே வயற்கரைப் பக்கம் நடந்து பாருங்கள். உழுது தண்ணீர் கட்டிய வயலில் காலடி படும் வரை எதுவுமே தெரியாது. திடீரென்று சேற்றிலிருந்து ஒரு பறவை 'கிர்ர்' என்று கிளம்பி வளைந்து வளைந்து பறந்து போகும். அதுதான் உள்ளான். நமது மூத்தப்பாமார் அதன் இறைச்சியின் ருசியைப் பற்றித்தான் பேசுவார்கள். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

ஊசிவால் உள்ளான் என்று பறவை நூல்களில் பெயர் போட்டிருக்கும் இந்தப் பறவை, சைபீரியாவில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. எடை நூறு கிராமுக்குச் சற்று மேலே. அங்கே நிலம் உறையத் தொடங்கும் முன் கிளம்பி, மலைகளையும் பாலைவனங்களையும் தாண்டி, இந்தியாவுக்கு மேலாக நம்மிடம் வந்து சேருகிறது. அதோடு பொரி உள்ளான்கள், பொன்னிறக் கல்பொறுக்கிகள், வயலுக்கு மேலே காற்றில் தொங்கித் தொங்கி இரை பிடிக்கும் மீசை ஆலாக்கள், நீலச்சிறகித் தாராக்கள், வேலிக் கம்பியில் குந்தியிருக்கும் பழுப்புக் கீச்சான், மின்கம்பிகளில் வரிசை பிடிக்கும் தகைவிலான் என்று ஒரு பெரிய கூட்டமே வருகிறது. ஆவணியிலிருந்து வரத் தொடங்கி, பங்குனி சித்திரையில் திரும்பிவிடும்.

இவை வரும் பாதைக்கு மத்திய ஆசிய வான்பாதை என்று பெயர். ஆர்க்டிக் கரையிலிருந்து இந்து சமுத்திரம் வரை சுமார் முப்பது நாடுகளுக்கு மேலாக அது நீளுகிறது. அதன் தென்முனை நமது நாடு. இலங்கையின் தெற்குக் கரையில் நின்று நேரே பார்த்தால் அண்டார்ட்டிக்கா வரை வேறு நிலம் கிடையாது. ஆகவே இங்கே இடமில்லை என்றால் இன்னும் கொஞ்சம் தூரம் போய்ப் பார்க்கலாம் என்று இந்தப் பறவைகளால் நினைக்க முடியாது. மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடற்காகங்களின் முதுகில் சிறு கருவிகளைப் பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். அவை ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதி வரை போய், மறுபடியும் மன்னாருக்கே வந்து சேர்ந்தன. போன இடத்துக்கே திரும்பி வருகிற இந்தப் பழக்கம்தான் நாம் கவனிக்க வேண்டியது. வந்து பார்க்கும்போது அந்த இடத்தில் ஒரு மதில் நின்றால்?

மகளுக்கு ஒரு வீடு

இனி நமது பக்கத்துக்கு வருவோம். இதை நான் ஒரு குடும்பப் பத்திரிகையில் எழுதுவதற்குக் காரணமே இதுதான்.

கிழக்குக் கரையின் வழக்கம் வாசகர்களுக்குத் தெரியாததல்ல. பெண் பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மூன்று பெண் பிள்ளை என்றால் மூன்று வீடு. வாப்பா சவூதியிலும் கட்டாரிலும் வெயில் குடித்துச் சம்பாதித்தது, உம்மா தறியில் இருந்து சேர்த்தது, காக்காமார் தங்கள் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு மிச்சம் பிடித்தது எல்லாம் அந்த வீட்டுக்குத்தான். ஊருக்குள் ஒரு பேர்ச் காணியின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. எட்டுவது மேற்கே, வயற்கரையில். வெள்ளாமையில் பெரிதாக இலாபமில்லை என்று சலித்துப்போன போடியார் விற்கிறார். மகளைப் பெற்றவர் வாங்குகிறார். பத்துப் பேர்ச். டிப்பரில் கிறவல் வருகிறது. சுற்றி மதில் எழுகிறது. அடுத்த வருடம் பக்கத்துக் காணி. அதற்கடுத்த வருடம் நடுவிலிருந்த வாய்க்கால்.

இதில் பேராசைக்காரர் என்று யாரைக் காட்டுவீர்கள்? எனக்கு ஒருவரும் தெரியவில்லை. ஒவ்வொருவரும் தன் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைத்தான் செய்கிறார். வயல் மட்டும் இல்லாமல் போகிறது.

2004 டிசம்பர் 26 ஆம் திகதியும் இதற்கு ஒரு காரணம். கடல் எழும்பி வந்து மருதமுனையில் செய்ததை இங்கே விரித்து எழுதத் தேவையில்லை. அந்த வீடுகளில் இருந்தவர்கள்தான் இதை வாசிக்கிறீர்கள். கடலோரம் 65 மீற்றர் எல்லைக்குள் இருந்த குடும்பங்களுக்காக மேட்டுவட்டையில் வீட்டுத்திட்டம் எழுந்தது. பெயரைக் கவனியுங்கள். வட்டை என்றால் வயல்வெளி. கடலுக்குப் பயந்து மேற்கே நகர்ந்த ஊருக்கு வேறு திசையும் இருக்கவில்லை. அதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்பக் கூடாது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993 இல் வெளியான வர்த்தமானிப்படி, 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்பும் திட்டமென்றால் முதலில் சுற்றாடல் தாக்கத்தை ஆராய்ந்து அனுமதி பெற வேண்டும். பெரிய கம்பனியையும் பெரிய திட்டத்தையும் பிடிக்க இது நல்ல வலை. ஆனால் ஒரு சிறு கணக்குப் போடுங்கள். 4 ஹெக்டேயர் என்பது சுமார் 1580 பேர்ச். பத்துப் பேர்ச் வீதம் 158 வீடுகள். 158 தகப்பன்மார் தனித்தனியே நிரப்பினால் எவரும் அந்த வலையில் சிக்க மாட்டார்கள். கடைசியில் நிரம்பியது என்னவோ அதே 4 ஹெக்டேயர்தான்.

அலகும் சேறும்

வயலை நிரப்பினால் உள்ளான் அடுத்த வயலுக்குப் போகட்டுமே என்று தோன்றும். அது அவ்வளவு இலேசில்லை.

உள்ளானின் அலகு அதன் உடலுக்குப் பொருத்தமில்லாத அளவு நீளம். நுனி மென்மையானது; தொட்டு உணரக்கூடியது. ஈரச் சேற்றுக்குள் அலகைக் குத்தியபடியே நுனியை மட்டும் திறந்து புழுவைக் கவ்வும். சேறு காய்ந்தால் அலகு இறங்காது. கிறவலில் இறங்கவே இறங்காது. தண்ணீர் ஆழமானாலும் பயனில்லை. அதன் கால் நீளம் சில அங்குலம்தான். கல்பொறுக்கிக்கு இன்னும் ஆழம் குறைந்த இடம் வேண்டும். தாராவுக்குக் கொஞ்சம் ஆழம் வேண்டும். அரை அடிக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட தண்ணீர், நடுநடுவே சேற்றுத் திட்டு, ஓரத்தில் புல் என்ற அந்தக் கலவை வயலிலும் வாவிக் கரையிலும்தான் இருக்கிறது.

திரும்பிப் போகும் பயணத்துக்கும் அவை இங்கேதான் கட்டுச்சோறு கட்டுகின்றன. உடம்பில் சேரும் கொழுப்புத்தான் அந்தக் கட்டுச்சோறு. 2022 ஒக்டோபரில் ஒரு பட்டைவால் மூக்கன், பிறந்து ஐந்து மாதமே ஆனது, அலாஸ்காவிலிருந்து அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியா வரை 13,560 கிலோ மீற்றரை எங்கும் இறங்காமல் 11 நாளில் பறந்து முடித்தது. தின்னாமல், குடிக்காமல். முழுவதும் உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துத்தான். பங்குனி மாதத்தில் மருதமுனை வயலில் வயிறு நிரம்பாத உள்ளானுக்கு வழியில் என்ன நடக்கும் என்று இனிச் சொல்லத் தேவையில்லை. போய்ச் சேர்ந்தாலும் குஞ்சு பொரிக்கத் தெம்பிருக்காது.

நமது மாவட்டத்தில்தான் குமண இருக்கிறதே என்பார்கள் சிலர். உண்மைதான். பொத்துவில் தாண்டி, பாணமை தாண்டி, 1938 இல் சரணாலயமாகி 1970 இல் தேசியப் பூங்காவான குமண, 2010 இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. (ஈரநிலங்களைக் காக்கும் உலக உடன்படிக்கை 1971 இல் ஈரான் நாட்டின் ராம்சார் என்ற கடலோர ஊரில் எழுதப்பட்டது, அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.) ஆனால் குமணவின் சேறு குமணவுக்கு வரும் பறவைகளுக்கே வேண்டியிருக்கிறது. கல்முனையின் வயல்களை இழந்த பறவைகளுக்கும் சேர்த்து அங்கே புழு விளையாது.

தண்ணீரும் அதே இடத்தைத்தான் கேட்கிறது

பறவைக்காக மட்டும் வயலை விட்டுவிடு என்றால் நமது ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வாவியைக் கேளுங்கள்.

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை 56 கிலோ மீற்றர் நீளம். கடலோடு அது கலப்பது பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும். மாரியில் மேற்கே இருந்து இறங்கும் தண்ணீர் முகத்துவாரம் உடைந்து கடலுக்குப் போகும்வரை எங்கே நிற்கும்? வயலிலும் சதுப்பிலும்தான் நிற்கும். கிட்டங்கிப் பாதையில் வெள்ளம் ஏறி நாவிதன்வெளிப் போக்குவரத்து நின்றுபோவதை நீங்கள் எத்தனை மாரியில் பார்த்திருப்பீர்கள்! அந்தத் தண்ணீர் நின்ற இடத்தில் கிறவலைக் கொட்டினால் தண்ணீர் குறைவதில்லை. பக்கத்து வீட்டுக் குசினிக்குள் போகிறது.

2024 நவம்பரில் மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தை அடித்துக்கொண்டு போனதையும், அதிலிருந்த மதரசாப் பிள்ளைகளின் ஜனாஸாக்களையும் இந்தக் கரை மறக்காது. அந்த வெள்ளத்துக்கும் வயல் நிரப்பியதற்கும் ஒரு நேர்கோடு போட்டுவிட முடியாது. மழை அப்படிப் பெய்தது. ஆனால் அடுத்த மழைக்குத் தண்ணீர் நிற்க எவ்வளவு இடம் விட்டு வைத்திருக்கிறோம் என்பது நமது கையிலிருக்கிற கணக்கு.

கொழும்பு இந்தக் கணக்கைக் கொஞ்சம் தாமதமாகத்தான் படித்தது. சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, அதன் நடுவே பாராளுமன்றத்தைக் கட்டினார்கள். 2010 நவம்பர் மழையில் அந்தப் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. சட்டம் செய்கிறவர்களின் காலில் தண்ணீர் பட்டதும் காரியம் வேகமாக நடந்தது என்று எவராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். உலக வங்கியின் உதவியோடு நடந்த கொழும்பு மாநகர அபிவிருத்தித் திட்டத்தில், மிஞ்சியிருந்த சதுப்புகளை வெள்ளம் தாங்கும் இடங்களாகவே கணக்கிட்டுப் பாதுகாக்கத் தொடங்கினார்கள். பெத்தகானவில் சதுப்பின் மேலே மரப் பாலம் போட்டு ஒரு பூங்கா. தலவத்துகொடையில் தியசரு பூங்கா. 2018 ஒக்டோபரில் துபாயில் கூடிய ராம்சார் மாநாட்டில், உலகின் முதல் 18 ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு அங்கீகாரம் பெற்றது. எல்லாம் நலமே என்று நினைத்துவிடாதீர்கள். 1990 இல் 372 ஹெக்டேயரில் சரணாலயமான பெல்லன்வில–அத்திடிய சதுப்பை, அதன் பிறகும் குப்பையும் மண்ணும் ஓரத்திலிருந்து தின்றுகொண்டுதான் வந்தன.

சென்னைக்குப் போய் வந்த வாசகர்கள் வேளச்சேரிப் பக்கம் பள்ளிக்கரணையைப் பார்த்திருக்கலாம். முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் வந்து சேரும் சதுப்பு அது. ஒருகாலத்தில் 5000 ஹெக்டேயருக்கு மேல் இருந்தது. அதன் நடுவிலேயே மாநகராட்சி பெருங்குடிக் குப்பை மேட்டை எழுப்பியது. அரசு நிறுவனங்களே அதில் கட்டடம் கட்டின. கம்ப்யூட்டர் கம்பனிகளும் அடுக்குமாடிகளும் தொடர்ந்தன. அந்தப் பகுதியில் வாழ்ந்த மக்களும் பறவை பார்க்கிறவர்களும் வருடக் கணக்கில் மனுக் கொடுத்து, வழக்குப் பேசி, 2007 இல் 317 ஹெக்டேயரைக் காப்புக்காடாக அறிவிக்க வைத்தார்கள். 2015 டிசம்பரில் வேளச்சேரியில் வீடுகளின் கீழ்மாடி மூழ்கியபோது, அவர்கள் அத்தனை காலமும் எதைக் கேட்டார்கள் என்பது மற்றவர்களுக்கும் விளங்கியது. 2022 இல் சுமார் 1247 ஹெக்டேயர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குப்பை மேட்டைக் கிளறித் தரம் பிரித்து அகற்றும் வேலையும் தொடங்கியது. பூநாரைகள் அங்கே இன்னும் வருகின்றன. ஆனால் போனது திரும்பவில்லை; காசு கொட்டிக் காப்பாற்றியது நாலில் ஒரு பங்கு.

அழகுபடுத்துவது வேறு

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நமது ஊர்களில் ஈரநிலத்தைப் பாதுகாக்கிறோம் என்று சொன்னால் முதலில் வருவது ஜேசிபி. ஓரத்தை நேராக வெட்டி, ஆழமாகத் தோண்டி, சுற்றிவரக் கருங்கல் கட்டி, நடைபாதை போட்டு, கலர் விளக்கு எரியவிட்டு, திறப்பு விழா வைத்தால் 'சுற்றாடல் பூங்கா' தயார். பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நல்ல இடம்தான். ஆனால் கால் வைக்கச் சேறில்லாத அந்தக் குளத்தில் ஓர் உள்ளானும் இறங்காது. தோணாக்களையும் நீரோடைகளையும் துப்புரவு செய்யும்போது குப்பையை அள்ளுங்கள், சல்வீனியாவை அள்ளுங்கள். சரிந்து இறங்கும் கரையையும் கண்டல் மரத்தையும் விட்டுவிடுங்கள். வெட்டி மறித்த வாய்க்காலைத் திறந்து, மாரியில் தண்ணீர் ஏறி இறங்க வழிவிட்டால், மீதி வேலையைச் சேறே பார்த்துக்கொள்ளும்.

சிங்கப்பூரில் நிலத்துக்கு உள்ள கிராக்கியை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே சுங்கை பூலோ என்ற இடத்தில் பழைய இறால் பண்ணைகளில் வலசைப் பறவைகள் வந்து இறங்குவதை 1986 இல் பறவை ஆர்வலர்கள் கண்டு அரசாங்கத்துக்கு எழுதினார்கள். 1989 இல் 87 ஹெக்டேயரை ஒதுக்கினார்கள். 1993 இல் திறந்தார்கள். அங்கே செய்த முக்கிய வேலை என்ன தெரியுமா? இறால் குளங்களின் மதகுகளைப் பராமரித்து, தண்ணீர் மட்டத்தைப் பறவையின் காலளவுக்கு வைத்திருப்பதுதான். கைவிடப்பட்ட இறால் குளங்கள் நமது வாவிக் கரையிலும் உண்டு.

சரி, மகளின் வீட்டுக்கு என்ன வழி?

முதலாவது, மாப்பிள்ளை வீட்டார் தனிக் காணியில் தனி வீடு கேட்பதை விட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். உம்மாவின் வீட்டுக்கு மேல்மாடி எடுத்து மூத்தவளுக்கும், பின்வளவில் இளையவளுக்கும் கட்டிக் கொடுத்த குடும்பங்கள் நமது ஊர்களில் ஏராளம். அது கௌரவக் குறைவு என்று பேசுகிற வாய்களை மூடச் செய்வது பெண்களால்தான் முடியும். கல்யாணப் பேச்சில் காணி அளவைக் கேட்பதும் அனேகமாக நாம்தானே! இரண்டாவது, வயற்கரையில் காணி வாங்கும் முன் கமநல சேவை நிலையத்தில் அது நெற்காணியா என்று கேட்டுவிடுங்கள். உறுதி முடித்து மதில் கட்டிய பிறகு வருகிற வழக்கு, கல்யாண வீட்டுக்கு வருகிற வழக்கு. மூன்றாவது குப்பை. சொப்பிங் பேக்கில் கட்டி வாய்க்காலுக்குள் எறிகிற மீன் செதிலும் பிள்ளையின் பம்பர்ஸும் வயலில்தான் போய்த் தங்குகின்றன. மாநகர சபை வண்டி வராவிட்டால் சபையைத்தான் பிடிக்க வேண்டும். வாய்க்கால் அதற்குப் பதிலில்லை.

பாடசாலை ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1987 முதல் நடக்கும் இது நமது நாட்டிலும் உண்டு. கல்முனைப் பக்கத்து வயலையும் வாவிக் கரையையும் உங்கள் பிள்ளைகள் ஐந்து வருடம் எண்ணி ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், யாராவது அந்த இடத்தை நிரப்பத் திட்டம் போடும் நாளில், 'இங்கே ஒன்றும் இல்லை' என்று சொல்ல முடியாது.

வயல் இல்லாத வீட்டுக்காரருக்கும் ஒரு விருந்தாளி உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் இந்தியாவிலிருந்து வரும் ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, வயிற்றடியில் சிவப்பு, கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டி. வால் இருக்கிறதா என்று தேட வேண்டும். காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் இரட்டைச் சீழ்க்கை கேட்டால் வளவில் அது இருக்கிறது என்று அர்த்தம். மரத்தடியில் உதிர்ந்த சருகைக் கிளறிப் பூச்சி தின்னும். வளவு முழுவதையும் கூட்டிப் பெருக்கிச் சீமெந்து போட்டுவிட்டால் அதற்குப் பசி. ஒரு மா மரத்தடிச் சருகை மட்டும் கூட்டாமல் விடுங்கள். பூனையைக் கொஞ்சம் கவனியுங்கள்.

களைத்து வருகிற இந்தக் குருவி கண்ணாடி ஜன்னலில் மோதியோ, வெளிச்சத்தில் தடுமாறியோ சில நேரம் வீட்டுக்குள் விழும். பிள்ளைகள் கூட்டில் அடைத்து வளர்க்கக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள்; 1937 ஆம் ஆண்டின் வனஜீவராசிகள் கட்டளைச் சட்டத்தின் பாதுகாப்பு அதற்குண்டு. சோறோ பாணோ தீத்த வேண்டாம், வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். காற்றுத் துளை போட்ட ஒரு கடதாசிப் பெட்டியில் பழந்துணி விரித்து, அதில் வைத்து மூடி, சத்தமில்லாத இருட்டான அறையில் இரண்டு மணித்தியாலம் விட்டுவிடுங்கள். பிறகு, பொழுது படுவதற்கு முன், வளவில் மர நிழலில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு தூர விலகி நில்லுங்கள்.